ஒடேசாவா, சி2ஹெச்சா?

தியேட்டர் கிடைக்காத படத்தை என்ன செய்வது? விநியோகஸ்தரை நம்பாமல் ஜனங்களிடம் நேராகப் போன இரண்டு முயற்சிகளைப் பார்ப்போம்.

முதலாவது கேரளத்து ஒடேசா என்ற திரைப்படக் குழு. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் தொடங்கியது. ஊர் ஊராகப் போய் சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, பார்த்தவர்களிடம் கையேந்தினார்கள். அப்படிச் சேர்ந்த காசில் 1986இல் 'அம்ம அறியான்' வந்தது. படம் முடிந்ததும் வழக்கமான வியாபாரத்துக்குப் போகாமல், மறுபடி ஜனங்களிடமே கொண்டுபோனார்கள். காசு போட்டவனுக்கு அது தன் படம். கூப்பிடாமலே வந்து உட்காருவான். போஸ்டர் செலவு அங்கேயே மிச்சம்.

இரண்டாவது, இயக்குநர் சேரனின் சி2ஹெச், அதாவது 'சினிமா டு ஹோம்'. 2015இல் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' 50 ரூபாய் டிவிடியாக வந்தது. ஊருக்கு ஊர் முகவர்கள், வீட்டுக்கே படம். காகிதத்தில் கணக்கு சரிதான்: ஒரு குடும்பம் தியேட்டருக்குப் போகிற செலவில் எத்தனையோ டிவிடி வாங்கலாம். ஆனால் போட்டி தியேட்டரோடு இல்லை, திருட்டு டிவிடியோடு. திருட்டு டிவிடி போடுகிறவனுக்குத் தயாரிப்புச் செலவே கிடையாது. 50 ரூபாய் என்ன, எந்த விலைக்கும் இறங்குவான். போதாததற்கு நல்ல பிரிண்டை நாமே அவன் கையில் கொடுக்கிறோம். அதற்குள் ஜனங்களும் பென்டிரைவுக்கும் செல்போனுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னொன்று, நம்மூரில் தியேட்டருக்கு வராத படம் என்றாலே 'ஓடாத படம்' என்று ஒரு இளக்காரம். வெள்ளிக்கிழமை ரிலீஸ் இல்லாத படத்தை யார் பேசுகிறார்கள்? திட்டம் நீடிக்கவில்லை.

(2013இல் கமல் 'விஸ்வரூப'த்தை 1000 ரூபாய்க்கு டிடிஹெச்சில் முதலில் காட்டப் பார்த்தாரே, அது வேறு கதை. அவர் படத்துக்குத் தியேட்டரும் கிடைத்திருந்தது. தியேட்டர்காரர்கள் எதிர்த்ததும் திட்டம் நின்றது.)

என் ஓட்டு ஒடேசாவுக்குத்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அந்த வழியில் யாரும் சம்பளம் வாங்கிப் பிழைக்க முடியாது. 1987இல் ஜான் இறந்தபின் அந்த வேகமும் இல்லை. ஒரு மனிதரின் இழுவிசையில் ஓடிய வண்டி அது. கோடிக்கணக்கில் கடன் வாங்கிப் படம் எடுத்தவர் இதை நம்பி இறங்கினால் வட்டி கட்டவே காசு தேறாது. ஆவணப்படமா, கைக்காசில் எடுத்த சின்னப் படமா, தாராளமாக இறங்கலாம். சேரனின் முகவர் யோசனையையும் விட வேண்டாம். ஊருக்கு ஒருவரைப் பிடித்து, டிவிடிக்குப் பதில் ஒரு கல்யாண மண்டபத்தையும் புரொஜெக்டரையும் ஏற்பாடு செய்யச் சொன்னால் போதும்.