5-4 என்று சொன்னால் அப்பாவுக்குப் போதவில்லை

மிக்ஸிக்கும் பிரியாணிக் கடைக்கும் ஸ்டார் போடுகிறோம். இலவசமாகக் கிடைக்கும் ஒரு பிடிஎஃப் கோப்புக்கு யாரும் போட்டதில்லை. நான் போடப் போகிறேன். கர்லிங் என்பது ஐஸில் கனமான கல்லை வழுக்கவிட்டு, தூரத்தில் வரைந்த வட்டத்தின் நடுவுக்கு அருகில் நிறுத்தும் ஆட்டம். அதன் உலக சாம்பியன்ஷிப் ஆட்டங்களுக்கு அதிகாரபூர்வமாக வெளிவரும் ‘ஷாட் பை ஷாட்’ முடிவுத் தாள்தான் அந்தப் பொருள். 2025 வசந்தத்தில் நான் அதிகம் பார்த்த காகிதம் அதுதான். வருமான வரிப் படிவத்தைக்கூட அவ்வளவு பார்க்கவில்லை.

நாங்கள் இருப்பது கனடாவின் ரெஜினாவில். ஏழு வருடம் இங்கே குளிர்காலம் கழித்தவன் கர்லிங்கிலிருந்து தப்பிக்க முடியாது. அலுவலகத்தில் யாராவது ஒருவர் திங்கட்கிழமை காலையில் முட்டி வலிக்கிறது என்பார், கேட்டால் கர்லிங் என்பார். அந்த வருடம் பெண்கள் உலகப் போட்டி தென்கொரியாவின் உய்ஜொங்புவில் நடந்தது. ஆண்கள் போட்டி எங்கள் வீட்டிலிருந்து எழுபது கிலோமீட்டரில், மூஸ் ஜாவில். பத்து மீட்டருக்கு மேல் உயரமான ஒரு மூஸ் (பெரிய காட்டு மான்) சிலை நிற்கும் ஊர் அது. ஒன்று கடிகாரத்தில் பதினைந்து மணி நேர வித்தியாசம், இன்னொன்று நாற்பது நிமிடக் கார்ப் பயணம். கொரியாவில் மத்தியானம் ஆடினால் எங்களுக்கு நள்ளிரவு, அதனால் பெண்கள் போட்டியைப் பெரும்பாலும் மறுநாள் காலை தாளில்தான் பார்த்தேன். அப்படித்தான் இந்தப் பழக்கம் ஆரம்பித்தது.

முதலில் முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் இறுதியில் ரேச்சல் ஹோமனின் கனடா அணி சுவிட்சர்லாந்தை 7-3 என்று வென்றது. ஹோமனுக்கு இது தொடர்ந்து இரண்டாவது பட்டம், 2017-ஐயும் சேர்த்தால் மூன்றாவது. வெண்கலம் சீனாவுக்கு. ஆண்கள் இறுதியில் புரூஸ் மோவட்டின் ஸ்காட்லாந்து, அங்கேயும் சுவிட்சர்லாந்தை, 5-4 என்று வென்றது. அரையிறுதியில் தோற்ற கனடா சீனாவை வென்று வெண்கலத்தோடு திருப்திப்பட்டது. மூஸ் ஜாக்காரர்கள் முகத்தில் அந்தத் திருப்தி அவ்வளவாகத் தெரியவில்லை.

இதோடு நிறுத்திக்கொள்கிறவருக்குத் தாள் தேவையில்லை. நானும் அதோடு நிறுத்தியிருப்பேன். கும்பகோணத்தில் இருக்கும் என் அப்பாதான் விடவில்லை.

அப்பா கேரம் ஆடுகிறவர். பழைய தெருக்காரர்கள் நாலு பேர், போரிக் பவுடர் டப்பா ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேறு உலகம் கிடையாது. இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து போனில் பெருமையாக 5-4 என்றேன்.

“என்னடா, ரெண்டரை மணி நேரம் ஆடி மொத்தம் ஒம்பது பாயிண்ட்டா? நடுவுல பூஜ்யம் பூஜ்யம்னு போட்டா, அப்ப என்ன பண்ணாங்க, டீ குடிச்சாங்களா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஒரு ஆட்டத்துக்குப் பத்து எண்ட், அதாவது பத்துச் சுற்று. ஒரு எண்டில் அணிக்கு எட்டுக் கல், ஆளுக்கு இரண்டு. எல்லாம் எறிந்து முடித்ததும் நடுப்புள்ளிக்கு மிக அருகில் கல் வைத்திருக்கும் அணிக்குத்தான் பாயிண்ட், எதிராளியின் எந்தக் கல்லையும்விட அருகில் நிற்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. கடைசிக் கல்லை எறியும் வாய்ப்புக்கு ஹேமர் என்று பெயர், பாயிண்ட் எடுத்த அணி அடுத்த எண்டில் அதை எதிராளிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதனால் ஒரே ஒரு பாயிண்ட்தான் கிடைக்கும் என்றால், வேண்டுமென்றே வட்டத்தைக் காலி செய்துவிட்டு, பூஜ்யத்தோடு ஹேமரைக் கையில் வைத்துக்கொள்வார்கள். வார்த்தையில் சொன்னால் இது குழப்பம். மறுநாள் தாளை அனுப்பினேன்.

இனி அந்தத் தாளைப் பற்றி. ஒரு எண்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பதினாறு சின்னப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் வட்டம் இருக்கும், அதைச் சுற்றி சிவப்புக் கல்லும் மஞ்சள் கல்லும். ஒரு கல் எறியப்பட்டு எல்லாம் அசையாமல் நின்ற பிறகு எது எங்கே இருக்கிறது என்பதுதான் படம். கூடவே எறிந்தவர் பெயர், எந்த வகை எறிதல் (வட்டத்துக்குள் நிறுத்தும் டிரா, முன்னால் காவல் வைக்கும் கார்டு, இன்னொரு கல்லை ஒட்டி நிறுத்தும் ஃப்ரீஸ், தட்டி வெளியேற்றும் டேக் அவுட் இப்படி), கல் கடிகாரத் திசையில் சுழன்றதா எதிர்த்திசையிலா என்று ஒரு வளைந்த அம்பு, கடைசியாக ஒரு மதிப்பெண்: 0, 25, 50, 75, 100. பத்து எண்டும் முழுதாக ஆடினால் நூற்று அறுபது படம். இதை அரங்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லுக்கும் பதிவு செய்கிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால், எனக்கு என் வேலை கொஞ்சம் சுலபமாகத் தெரிகிறது.

படங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும், தாவக் கூடாது. முதல் ஐந்து படங்களில் வட்டத்துக்கு முன்னால் நிற்கும் காவல் கற்கள் அப்படியே இருக்கும், ஆறாவது கல் வரும்வரை அவற்றை ஆட்டத்தை விட்டே விரட்ட விதி விடாது. ஆறிலிருந்து எட்டுக்குள் திடீரென்று ஒரு காவல் கல் காணாமல் போகும். அங்கேதான் ஒரு அணி ‘போதும், சுத்தம் செய்வோம்’ என்று முடிவெடுத்திருக்கிறது என்று அர்த்தம். பதினோராவது படத்தில் ஒரு மஞ்சள் கல் சிவப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றால், பதினாறாவது படம் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஊகம் தப்பும்போதுதான் மஜா.

அப்பாவுக்கு ஆங்கில எழுத்து எதுவும் தேவைப்படவில்லை. அரை மணி நேரத்தில் வாய்ஸ் மெசேஜ்: “தம்பி, இவன் இந்த மஞ்சளை மறைச்சு வெச்சிருக்கான் பாரு. நேரா அடிக்க முடியாது, சைடு வாங்கித்தான் வரணும். சிவப்புக்கு ஃபாலோ போடற கணக்குதான் இது.” ஃபாலோவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் வாதாடவில்லை. ஐஸ் என்றால் தள்ளுவண்டி ஐஸ் மட்டுமே தெரிந்த ஒருவருக்கு, எறிந்தவர் மனசில் என்ன இருந்தது என்பதைப் படம் சொல்லிவிட்டது. வேறு எந்த விளையாட்டின் முடிவுப் பக்கம் இதைச் செய்யும்? கிரிக்கெட் ஸ்கோர்கார்டைக் கையில் கொடுத்தால் பந்து எங்கே விழுந்தது என்று தெரியாது.

என்னை முதலில் குழப்பியது பெயர் வரிசை. தலைவர்தான், அதாவது ஸ்கிப்தான், கடைசி இரண்டு கல்லை எறிவார் என்று யாரோ சொல்லி மனதில் வைத்திருந்தேன். தாளில் பார்த்தால் சுவிட்சர்லாந்துப் பெண்கள் அணியில் கடைசிக் கற்களுக்கு அலினா பேட்ஸ் பெயர் இருக்கிறது, தலைவர் சில்வானா டிரின்சோனி அதற்கு முந்தைய இடத்தில். ஆண்கள் அணியிலும் அப்படியே: தலைவர் யானிக் ஷ்வாலர் மூன்றாவது, கடைசியில் பெனுவா ஷ்வார்ஸ் வான் பெர்க்கெல். வழிகாட்டுவது ஒருவர், முடிப்பது இன்னொருவர். தோற்ற இரண்டு இறுதியிலும் சுவிஸ்காரர்கள் இப்படித்தான் நின்றார்கள். அதனால்தான் தோற்றார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே டிரின்சோனி, பேட்ஸ் ஜோடிதான் 2019, 2021, 2022, 2023 என்று நடந்த நான்கு உலகப் போட்டிகளையும் தொடர்ந்து வென்றது (2020-இல் போட்டியே நடக்கவில்லை).

சரி, இந்தத் தாளில் நான் நம்பாத பகுதி ஒன்று இருக்கிறது: சதவீதம். ஒவ்வொரு கல்லின் மதிப்பெண்ணையும் சராசரி எடுத்து, இன்னார் 91, இன்னார் 84 என்று ஒரு பக்கம் வருகிறது. எல்லாரும் முதலில் திறப்பது அதைத்தான். முதல் கல் எறிகிறவர் காலி ஐஸில் ஒரு காவல் கல்லைக் கொண்டுபோய் வைக்கிறார், அவருக்கும் நூறு. கடைசிக் கல்லுக்காரர் மூன்று கல்லின் இடுக்கில் நுழைந்து இரண்டைத் தட்டிவிட வேண்டும், செய்தால் அவருக்கும் அதே நூறு. பத்தொன்பது கல்லைச் சரியாக எறிந்துவிட்டு இருபதாவதைத் தவறவிட்டால் தொண்ணூற்றைந்து சதவீதம், வீட்டுக்கு வெள்ளி. அப்பா சொன்ன மாதிரி, “போர்டு காலியா இருக்கும்போது காய் போடறவனை எல்லாம் ஆட்டக்காரன்னு சொல்லுவியா?”

யாரும் திறக்காத ஒரு வரி உண்டு, அதற்கு நான் தனியாக ஒரு ஸ்டார் தருவேன். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு அணியிலும் இரண்டு பேர் நடுப்புள்ளியை நோக்கி ஆளுக்கொரு கல் எறிவார்கள், ஒன்று வலச்சுழல், ஒன்று இடச்சுழல். புள்ளியிலிருந்து தூரத்தை சென்டிமீட்டரில் அளந்து தாளில் போட்டுவிடுவார்கள். கல் வட்டத்துக்குள்ளேயே வரவில்லையென்றால் 199.6 என்று எழுதுவார்கள். தூரம் குறைந்த அணிக்கு முதல் எண்டில் ஹேமர். அவ்வளவுதானே என்று நானும் கடந்துபோய்க்கொண்டிருந்தேன், பழைய தாள்களைத் தோண்டும்வரை.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக், பெண்கள். லீக் முடிவில் பிரிட்டன், ஜப்பான், கனடா மூன்றும் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. அரையிறுதியில் இரண்டு இடம்தான் பாக்கி. ஒருவருக்கொருவர் ஆடியதைப் பார்த்தால் பிரிட்டன் ஜப்பானை வென்றது, ஜப்பான் கனடாவை, கனடா பிரிட்டனை. வட்டமாகச் சுற்றி வந்து நிற்கிறது. கடைசியில் தீர்ப்புச் சொன்னது இந்தச் சென்டிமீட்டர் கணக்கின் சராசரி. ஜெனிஃபர் ஜோன்ஸின் கனடா வெளியே. உள்ளே போன ஈவ் மியூர்ஹெட்டின் பிரிட்டன் அரையிறுதியில் சுவீடனை 12-11 என்று கூடுதல் எண்டில் சாய்த்து, இறுதியில் ஜப்பானை 10-3 என்று வென்று தங்கம் வாங்கியது. சென்டிமீட்டரால் உள்ளே வந்த இரண்டு அணிகள்தான் இறுதியில் ஆடின! இதைப் படித்த பிறகு எந்த ஆட்டத்தின் தாளைத் திறந்தாலும் முதலில் அந்த வரிக்குத்தான் போகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். போனில் பார்ப்பது கொடுமை, பதினாறு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, எந்தப் படத்தில் இருந்தோம் என்பது மறந்துவிடும். டேப்லெட்டாவது வேண்டும். அப்புறம், தாள் காட்டுவது கல் நின்ற இடத்தை மட்டும்தான், வந்த வழியை இல்லை. துடைப்பத்தோடு இரண்டு பேர் கல்லுக்கு முன்னால் ஐஸை உயிரைக் கொடுத்துத் தேய்த்து அந்தக் கல்லைக் கடைசி இரண்டு மீட்டர் இழுத்து வந்திருப்பார்கள், தாளில் அவர்கள் பெயரே இருக்காது. மூஸ் ஜாவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா ஆட்டம் முழுக்கக் கல்லைப் பார்க்கவே இல்லை, தேய்ப்பவர்களின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். “கல் எங்கே நிற்கும் என்று அவர்கள் தோள் முதலிலேயே சொல்லிவிடும்” என்றார். அந்தத் தோள் தாளில் கிடையாது. நேரில் போகிறவருக்குத் தாள் இரண்டாம்பட்சம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கறுப்பு வெள்ளை பிரிண்டரில் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டு பிரிண்டரில் மை கடைசி மூச்சில் இருந்தது. சிவப்பு சாம்பலாக வந்தது, மஞ்சள் கற்கள் எல்லாம் வெறும் கோட்டு வட்டமாக, பேய் மாதிரி. என் மகள் ஸ்கெட்ச் பேனா எடுத்து உட்கார்ந்து எல்லா மஞ்சளுக்கும் பச்சை அடித்துவிட்டாள். மூன்றாவது எண்டுக்கு மேல் பச்சை தீர்ந்து ஊதா.

ஐந்துக்கு நான்கரை தருகிறேன். அரை ஸ்டாரை வெட்டியது சதவீதப் பக்கத்துக்காக.

அப்பா இப்போது பழைய ஆட்டங்களைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். பெய்ஜிங் ஆண்கள் இறுதியை அனுப்பினேன்: சுவீடனின் நிக்லாஸ் எடின், பிரிட்டனுக்காக ஆடிய இதே மோவட். பத்து எண்ட் முடிவில் 4-4, கூடுதல் எண்டில் எடின் 5-4.

“இதுவும் அஞ்சுக்கு நாலா?” என்று போன் வந்தது. “அப்ப அன்னிக்கு அதே ஸ்கோர்ல தோத்தவன்தான் உங்க ஊர்ல வந்து ஜெயிச்சவனா?”

ஆமாம் என்றேன்.

“பதினோராவது எண்ட் பக்கத்தைத் தனியா அனுப்பு. பெருசா. ராமசாமி சார் வந்திருக்கார், ரெண்டு பேரும் பாக்கணும்.”