பொழியூர் ஆசான் கடையில் எங்கள் மண்ணெண்ணெய் எஞ்சின் பிழைத்த கதை

மூன்று மாதம், இரண்டு கடை, பதினோராயிரம் ரூபாய். அதற்கு அப்புறம்தான் எங்கள் வள்ளத்து எஞ்சினுக்கு என்ன கேடு என்றே தெரிந்தது. கண்டுபிடித்தவர், நீரோடி தாண்டித் தமிழ்நாடு முடிந்ததும் கேரளத்துப் பொழியூர் போகும் வழியில் தென்னந்தோப்புக்குள் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு மெக்கானிக். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, இரண்டு பக்கத்துக் கடற்கரைக்காரர்களும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போக நினைப்பவர்களுக்காக நல்லது கெட்டது இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எங்களுடையது வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஒரே கார்பரேட்டர். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற ரகம். ஆனி மாதத்தில் ஒரு நாள் கரைக்குத் திரும்பும்போது அறுந்து மிதந்த பழைய வலைக்கயிறு புரொப்பல்லரில் சுற்றி, நல்ல வேகத்தில் இருந்த எஞ்சின் டக்கென்று நின்றது. மச்சான் கத்தியோடு குனிந்து கயிற்றை அறுத்து எடுத்தான், மறுபடி ஸ்டார்ட் ஆனது, வீடு வந்து சேர்ந்தோம், அதை அத்தோடு மறந்தும் விட்டோம். அப்புறம்தான் தொல்லை. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் கையைத் திருப்பிப் பிடுங்கும். பெட்ரோலில் ஒருமாதிரி ஓடும், மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வேகம் கூட்டுகிற திராட்டிலைத் திறந்தால் உள்ளே யாரோ கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கடகடவென்று சத்தம்.

முதலில் போன கடையின் பெயர் வேண்டாம். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், சரியா என்று பார்க்கப் பொறியோடு சேர்ந்து மின்னுகிற டைமிங் லைட் அடித்துக் காட்டினார்கள். அந்த வெளிச்சத்தில், சுற்றுகிற கோடு நிற்கிற கோட்டோடு அழகாகச் சேர்ந்து நின்றது, நானே பார்த்தேன். டைமிங் சரி, கார்பரேட்டரில்தான் எண்ணெய் போதவில்லை என்று சொல்லி, எண்ணெயை அளந்து விடுகிற ஓட்டைத் திருகான மெயின் ஜெட்டைப் பெரிசாகப் போட்டார்கள். சத்தம் குறைந்தது, எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் ஒரு நாள் ஓட்டத்துக்கு 20 லிட்டர் குடித்தது 27 லிட்டர் குடிக்க ஆரம்பித்தது. பிளக் இரண்டும் தார் பூசின மாதிரி கறுத்து நனைந்து வரும், பின்னால் ஒரே புகை. இரண்டாவது கடையில், பொறிக்கு மின்சாரம் அனுப்புகிற சிடிஐ பெட்டி போய்விட்டது என்று புதுசு மாட்டினார்கள். ஒரு மாற்றமும் இல்லை, பழைய சிடிஐயையும் திருப்பித் தரவில்லை.

ஆசான் கடையில் முதல் ஒரு மணி நேரம் அவர் கார்பரேட்டர் பக்கமே போகவில்லை, அதுவே எனக்குப் புதுசாக இருந்தது. கதையைக் கேட்டார். கயிறு சுற்றி நின்றதைச் சொன்னதும் மட்டும், "எந்த வேகத்துல நின்னுது? பைய வந்தியா, ஓட்டத்துல வந்தியா?" என்று திருப்பிக் கேட்டார். அப்புறம் இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்த்தார், ஸ்பார்க் பார்த்தார். நான் அவசரப்பட்டு, டைமிங் லைட் அடித்துப் பார்த்தாயிற்று ஆசானே, கோடு சரியாக நிற்கிறது என்றேன். "மக்ளே, நீ பார்த்த கோடு மேக்னெட்டுல வெட்டியிருக்கு. பிஸ்டன் எங்க நிக்குதுன்னு கோட்டுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். மேக்னெட் என்றால் எஞ்சின் தலையில் தண்டோடு சேர்ந்து சுற்றுகிற, காந்தம் பதித்த கனமான சக்கரம். அவர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை.

முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில், ஊசி வைத்து மில்லிமீட்டர் காட்டுகிற டயல் கேஜை இறக்கினார். மேலே மேக்னெட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் ஏற ஏற ஊசி ஓடுகிறது. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் ஊசி கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், அந்த இடத்தில் எது சரியான உச்சி என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் அவர் உச்சிக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே வரும்போது மேக்னெட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார், உச்சியைத் தாண்டி மறுபடி ஒரு மில்லிமீட்டர் இறங்கியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடு எதுவோ அதுதான் உச்சி. கம்பெனிக்காரன் வெட்டின கோடு அங்கே இல்லை, விரல் அகலத்துக்குத் தள்ளி நின்றது!

புல்லர் போட்டு மேக்னெட்டைத் தூக்கினதும் கதை வெளியே வந்தது. தண்டுக்கும் மேக்னெட்டுக்கும் இடையில் இருக்கிற அரைவட்டக் கீ பாதி அறுந்து, படிக்கட்டு மாதிரி இருந்தது. எஞ்சின் திடீரென்று நின்றபோது தண்டு நின்றுவிட்டது, கனமான மேக்னெட் நிற்காமல் ஒரு இழுப்பு முன்னால் போய்விட்டது. அந்தத் தடிமன் தண்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே டைமிங் ஐந்தாறு பாகை முந்திவிடும். காந்தமும் கோடும் ஒரே சக்கரத்தில் இருப்பதால் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன, அதனால்தான் டைமிங் லைட்டுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்திருக்கிறது. லைட்டு பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் அதனிடம் தப்பான கேள்வியைக் கேட்டிருக்கிறோம். மூன்று மாதம் அலைந்ததற்குக் காரணம் நகத்தளவு இரும்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன முழி முழித்தேன் என்று மச்சானிடம் கேட்டால் நடித்தே காட்டுவான்.

ஐந்தாறு பாகைக்கு இவ்வளவு ஆட்டமா என்று தோன்றலாம். 4,500 சுற்றில் ஓடும் எஞ்சின் ஒரு வினாடிக்கு 75 தடவை சுற்றுகிறது. எண்ணெய் பற்றி எரிய நேரம் எடுப்பதால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி விழ வேண்டும். ரொம்ப முந்தி விழுந்தால் ஏறி வருகிற பிஸ்டனை எதிரே நின்று அடிக்கிற மாதிரி ஆகும், நம் கையைக் கயிறு பிடுங்கினதும் அதனால்தான். பெட்ரோல் இதைக் கொஞ்சம் தாங்கும். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்குகிற திறன், மிகவும் குறைவு, அது தாங்காமல் தானாக வெடித்துக் கடகடவென்று தட்ட ஆரம்பித்துவிடும். பெரிய ஜெட் போட்டதும் சத்தம் குறைந்ததற்குக் காரணம், கூடுதலாகப் போன எண்ணெய் உள்ளே குளிர்ச்சியாக்கினதுதான். அதாவது நோய்க்கு மருந்து கொடுக்காமல், கத்துகிறவன் வாயில் துணியை வைத்து அடைத்திருக்கிறார்கள், அந்தத் துணிக்கும் காசு நம்முடையது.

புதுக் கீ போடும் முன் தண்டின் கூம்புப் பகுதியையும் மேக்னெட்டின் உள்பக்கத்தையும் பெட்ரோல் விட்டுத் துடைத்து, சொட்டு எண்ணெய் இல்லாமல் காய வைத்தார். இறுக்கிப் பிடிப்பது அந்தக் கூம்புதானாம், கீ வெறும் இடம் காட்டுவதற்கு. நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்கினார். ஃபுல் திராட்டிலில் டைமிங் எதுவரை முந்தலாம் என்று நிறுத்துகிற ஸ்டாப்பரைப் புத்தகத்தில் உள்ளதைவிட இரண்டு பாகை குறைத்து வைத்தார். வேகம் குறையாதா என்று கேட்டதற்கு, "நமக்குக் கிடைக்கிற மண்ணெண்ணெய்க்கு இது போதும், பிஸ்டன் ஓட்டையாகாம இருக்கட்டு" என்று முடித்துவிட்டார். வேகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கார்பரேட்டர் அப்புறம்தான். ஜெட்டின் மேல் உள்ள எண்ணைப் பார்த்தார், எண் கூடினால் ஓட்டை பெரிசு. பழைய அளவுக்கே திரும்பினோம். மெதுவாக ஓடும்போது எண்ணெய் விடுகிற சின்ன ஜெட்டான பைலட் ஜெட்டில் யாரோ கம்பி விட்டுக் குத்தியிருக்கிறார்கள் என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், பித்தளை இளக்கமானது, கம்பி பட்டால் ஓட்டை அகன்றுவிடும். அவர் பெட்ரோலில் ஊறப்போட்டுக் காற்று அடிப்பதோடு சரி. கார்பரேட்டரைக் கவிழ்த்து வைத்து மிதவையின் உயரத்தை ஸ்கேலால் அளந்தார். மெதுவான ஓட்டத்துக்கான கலவையைச் சரிசெய்கிற பைலட் ஸ்க்ரூவை நோகாமல் மூடி ஒன்றரைச் சுற்று திறந்தார், அது வெறும் ஆரம்பம்தான்.

டிரம்மில் ஓட்டிப் பார்த்து அனுப்புகிற வேலை இவரிடம் இல்லை. சுமை இல்லாமல் எஞ்சின் எதையும் சொல்லாது என்று எங்களோடு பூவாருக்கே வந்தார். நெய்யாறு கடலில் சேர்கிற இடத்துக்கு உள்ளே, ஆற்றில் வள்ளத்தை ஃபுல் திராட்டிலில் விட்டு அப்படியே ஆஃப் பண்ணச் சொல்லி, சூட்டோடு பிளக்கைக் கழற்றினார். கருப்பட்டி நிறம், கலவை சரி என்று அர்த்தம். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியதால் திரும்ப ஸ்டார்ட் ஆகாதே என்று நான் யோசிப்பதற்குள் கார்பரேட்டர் கிண்ணத்தில் இருந்த மண்ணெண்ணெயை வடித்துப் பெட்ரோல் ஏற்றிவிட்டார். பைலட் ஸ்க்ரூவைக் கியரில் போட்டு ஓடவிட்டபடியே கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று காதால் கேட்டு வைத்தார்.

கூலி 1,800, கீயும் ஜெட்டும் தனி. இப்போது ஒரு நாளுக்கு 19, 20 லிட்டரில் நிற்கிறது, கயிறு கையைப் பிடுங்குவதில்லை.

இனிக் குறைகள். போனை எடுக்கவே மாட்டார். வெள்ளிக்கிழமை என்று சொன்ன வேலை அடுத்த செவ்வாய்க்கிழமைதான் முடிந்தது, அத்தனை நாளும் நாங்கள் கரையில். பில் கிடையாது. நட்டு, போல்ட், ஜெட் எல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் கிடக்கின்றன, எது எந்த எஞ்சினுடையது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கார்பரேட்டர் கிண்ணத்துக்குப் பழைய கேஸ்கட்டையே போட்டுவிட்டார், ஒரே வாரத்தில் கசிந்தது. திரும்பப் போனதும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்தான், ஆனால் நெத்தோலி நன்றாகப் பட்ட ஒரு நாள் எங்களுக்குப் போயிற்று, அந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது. பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. நாகர்கோவில் தாண்டி வருகிறவர்கள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு வர வேண்டும். திட்டுவார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. போகிறவர்கள் தினமும் ஊற்றுகிற மண்ணெண்ணெயையே, ஆயில் கலந்து, உங்கள் டேங்கிலேயே கொண்டுபோங்கள். அடுத்தவன் எண்ணெயில் டியூன் பண்ண மாட்டேன் என்று எங்களை முதல் நாள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.