பழைய கட்டடத்தைக் காப்பாற்ற எது உதவும்: தேசியப் பட்டியலா, உள்ளூர்ப் பட்டியலா?

இங்கிலாந்தில் ஊருக்கு முக்கியமான ஒரு பழைய பப்போ பள்ளிக்கூடமோ இடிபடப் போகிறது என்று தெரிந்தால், மக்கள் முதலில் ஓடுவது, நாடு முழுக்கச் சிறப்பான கட்டடங்களைச் சட்டப்படி பாதுகாக்கிற தேசியப் பட்டியலைத் தேடித்தான். அதில் இடம் கிடைத்துவிட்டால் அதைவிடப் பலமான பாதுகாப்பு இல்லை. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வாங்காமல் இடிப்பது குற்றம், சிறை வரைக்கும் போகலாம், உள்ளே இருக்கிற மாடிப்படி, கதவு வரை அந்தப் பாதுகாப்பு பொருந்தும். கிடைப்பதுதான் கஷ்டம். பழம்பெரும் கட்டடங்கள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்கிற ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும், அமைச்சர் முடிவெடுக்க வேண்டும். 1700-க்கு முன் கட்டி அதிகம் மாறாமல் நிற்கிற கட்டடம் என்றால் பெரும்பாலும் சேர்ந்துவிடும், 1850-க்குப் பிறகு கட்டியது என்றால் வடிகட்டல் கடுமையாகிக்கொண்டே போகும். ஊரே நேசிக்கிற கட்டடம் என்பது மட்டும் அங்கே போதாது.

அந்தக் குறையை நிரப்பத்தான் உள்ளூர்ப் பட்டியல். அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலே தயாரிக்கிறது, என்ன தகுதி என்பதையும் அதுவே வகுக்கிறது, நீங்களும் நானும் ஒரு கட்டடத்தைப் பரிந்துரைக்கலாம். யாராவது பிளானிங் அனுமதி (கட்டவோ மாற்றவோ கவுன்சிலிடம் வாங்க வேண்டிய அனுமதி) கேட்டு வந்தால் கட்டடத்தின் மதிப்பை எடைபோட்டுத்தான் கவுன்சில் முடிவு சொல்லியாக வேண்டும்.

சரி, அனுமதியே கேட்காமல் இடித்தால்? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் இடிப்பதற்குத் தடை வந்துவிடாது. பல கட்டடங்களைப் பொறுத்தவரை உரிமையாளர் முன்கூட்டியே கவுன்சிலுக்குத் தெரிவித்தால் போதும், எப்படி இடிப்பது, இடித்த பிறகு மனையை எப்படி விடுவது என்பதை மட்டுமே கவுன்சில் கேட்க முடியும், இடிக்கலாமா கூடாதா என்று கேட்க முடியாது. ஆனால் பப்களை இடிக்க 2017 முதல் அனுமதி கட்டாயம்.

அந்த ஓட்டையை அடைப்பது கவுன்சில் போடுகிற 'ஆர்ட்டிகிள் 4' உத்தரவு. அதைப் போட்டுவிட்டால் இடிப்பதற்கும் பிளானிங் அனுமதி வேண்டும், அப்போதுதான் உள்ளூர்ப் பட்டியலுக்கு உண்மையான பலம் வருகிறது. உடனே அமலாகும்படி போட்டால் இழப்பீடு கேட்டு உரிமையாளர் வரலாம் என்பதால் கவுன்சில்கள் தயங்குகின்றன. அந்தத் தயக்கம் புரிகிறது, ஆனாலும் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிற சில கட்டடங்களுக்காவது போட்டே ஆக வேண்டும் என்பேன்.

ஒரு தெருவையோ வட்டாரத்தையோ மொத்தமாகப் பாதுகாக்கிற 'பாதுகாப்புப் பகுதி' என்று இன்னொரு வழியும் இருக்கிறது, 1967-இல் ஸ்டாம்ஃபோர்டில் தொடங்கியது. அதற்குள் இருக்கிற கட்டடத்தை இடிக்கப் பெரும்பாலும் அனுமதி வேண்டும். ஆனால் தெருவே அழகாக இருந்தால்தான் இது பொருந்தும், எந்தச் சிறப்பும் இல்லாத சாலையில் தனியாக நிற்கிற கட்டடத்துக்கு உதவாது.

தேசியப் பட்டியலை மட்டும் நம்பிக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனிலேயே உதாரணங்கள் உண்டு. பிரென்ட்ஃபோர்டில் இருந்த ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலையைப் பட்டியலில் சேர்க்கப்போகிற நேரத்தில், 1980 ஆகஸ்ட் விடுமுறை வாரக்கடைசியில் அதன் முகப்பை இடித்துத் தள்ளிவிட்டார்கள். கார்ல்டன் டேவர்ன் பப்பும் 2015 ஏப்ரலில் அப்படித்தான் போனது. ஆனால் அதைப் பழையபடியே கட்டித்தர வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் உத்தரவிட்டு, 2021-இல் மறுபடி திறந்தார்கள். அதைச் சாத்தியமாக்கியதில் இடிப்பதற்கு முன்பே பட்டியலுக்காக எடுத்துவைத்திருந்த விவரமான பதிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால் நான் முதலில் உள்ளூர்ப் பட்டியலுக்குத்தான் மனுப்போடச் சொல்வேன், தேசியப் பட்டியலுக்கான விண்ணப்பம் அதன் கூடவே போகட்டும். கட்டிய ஆண்டு, வடிவமைத்தவர், உள்ளேயும் வெளியேயும் எடுத்த படங்கள், ஊருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் என்ன தொடர்பு என்று எல்லாவற்றையும் எழுதுங்கள், 'ரொம்பப் பழசு, அழகா இருக்கும்' என்று இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். விற்பனைக்கு வந்திருந்தாலோ வெகுநாள் பூட்டிக் கிடந்தாலோ, அதே மனுவில் ஆர்ட்டிகிள் 4 உத்தரவையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.