ஸ்டார்லெட் ஜிடி டேர்போ: பூஸ்ட் ஏறுது, சூடு இறங்குதில்லை

"பூஸ்ட் கன்ட்ரோலர் ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன் மச்சான், பூட்டட்டோ?"

சிநேகிதன் ஒருவனின் கேள்வி. பூஸ்ட் என்றால் டேர்போ எஞ்சினுக்குள் அமுக்கித் தள்ளுகிற காற்றின் அழுத்தம். அதைக் கூட்டுகிற கருவி இந்தக் கன்ட்ரோலர். அவனிடமும் இருப்பது டொயோட்டா ஸ்டார்லெட் ஈபி82 ஜிடி டேர்போ. இப்ப பூட்டாதை என்பது பதில். காரணம் கொஞ்சம் நீளம்.

4ஈ-எஃப்டிஇ எஞ்சினை இந்தக் கார் வைத்திருக்கிறவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1331 சிசி, சிடி9 டேர்போ, புதிதாக வரும்போது 135 குதிரைவலு, 900 கிலோவைத் தொடாத உடம்பு. லோ, ஹை என்று பூஸ்டுக்கு ஒரு சுவிட்ச். லோவில் சுமார் 0.4 பார், ஹையில் சுமார் 0.65 பார். பாராட்டை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். முப்பது வருடம் தாண்டிய பிறகும் 3000 சுற்றுக்கு மேல் இது இழுக்கிற இழுவை மனதை நிறைக்கிறது. மார்கழி, தை மாதத்து விடியற்காலையில், ஆனையிறவுப் பக்கம் ஈரக்காற்று வீசும்போது, அதே கார் வேறு கார்போல ஓடும். அதே கார் சித்திரையில், மத்தியான வெயிலில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதி நெரிசலைவிட்டு வெளியே வந்து அக்சிலேற்றரை மிதித்தால் சோர்ந்து கிடக்கும். நீண்ட காலப் பாவனையில் தீராத எரிச்சல் இதுதான்.

குற்றவாளி எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கிற இன்டர்கூலர். கணக்கைப் பாருங்கள். வெளிக்காற்று 35 பாகை. அதை 0.65 பாருக்கு அமுக்கும்போது, டேர்போவில் காற்றை அமுக்குகிற கொம்பிரசரின் திறன் 65 வீதம் என்று வைத்தால், வெளியே வருகிற காற்று ஏறக்குறைய 108 பாகை. 0.8 பாரில் 120ஐத் தாண்டும். 1 பாருக்குப் போனால், இந்தச் சின்ன டேர்போவின் திறனும் சேர்ந்து விழுவதால், 145 பக்கம் வரும். இதைக் குளிர்விக்கவேண்டிய இன்டர்கூலர் சூடான எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. கார் ஓடும்போது பொனற்றின் வாய் வழியாகக் காற்று வரும். நெரிசலில் நிற்கும்போது கீழேயிருந்து எஞ்சினின் அனல் ஏறி, அலுமினியம் முழுக்கக் கொதித்துவிடும். பிறகு காற்றைக் குளிர்விப்பதற்குப் பதிலாக அதுவே காற்றைச் சூடாக்கும். முதல் மிதியிலேயே நொக் (தீப்பொறியின் சுவாலை எட்டுமுன் பெற்றோல் கலவை தானாக வெடிப்பது) வரும், நொக் சென்சர் அதைக் கேட்டு, தீப்பொறி விழுகிற நேரமான டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், வலு போய்விடும். இந்த நிலையில் பூஸ்டைக் கூட்டுவது எரிகிற அடுப்பில் இன்னும் விறகு தள்ளுவது.

எனவே முதல் செலவு இங்கேதான், அதுவும் மிகச் சின்னச் செலவு. பொனற் வாய்க்கும் இன்டர்கூலருக்கும் இடையில் ஒரு பஞ்சுப் பட்டி இருக்கவேண்டும். இன்றைக்கு ஓடுகிற கார்களில் பெரும்பாலும் அது காய்ந்து உதிர்ந்துபோய்விட்டது. அது இல்லாவிட்டால் உள்ளே வருகிற காற்று இன்டர்கூலரின் செட்டைகளுக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். சூடு தாங்குகிற, துளை மூடிய ரப்பர்ப் பஞ்சை அளவாக வெட்டி, பொனற்றை மூடும்போது சற்று அமுங்குகிற மாதிரி ஒட்டவேண்டும். டேர்போவின் மேலே இருக்கிற தகரக் கவசத்தை யாராவது கழற்றி எறிந்திருந்தால் தேடிப் பூட்டவேண்டும். இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே படிந்த ஒயிலைக் கழுவவேண்டும். ஒயில் படலம் சூட்டை வெளியே விடாது, நொக்கையும் தூண்டும்.

முன்பக்க இன்டர்கூலர் இதைவிட நல்லது, சந்தேகமில்லை. ஆனால் பம்பருக்குள் வெட்டவேண்டும், குழாய் நீளும், பூஸ்ட் கொஞ்சம் பிந்தி வரும். அதோடு ரேடியேற்றருக்குப் போகிற காற்றை அது மறைக்கும். ரேடியேற்றர் பழசாக இருந்தால் ஒரு சூட்டைக் குறைத்து இன்னொரு சூட்டை வாங்குகிற கதையாகிவிடும்.

ரேடியேற்றரைச் சொன்னதால் யாழ்ப்பாணத்துக் கார்களுக்கே உரிய ஒரு கேட்டையும் சொல்லவேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிறது. கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு எஞ்சினின் தண்ணீர்ப் பாதைகளிலும் படியும். வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் குடித்த ரேடியேற்றரை வெட்டிப் பார்த்தால் பாதிக் குழாய்கள் அடைபட்டிருக்கும். சாதாரண கார் இதைச் சகிக்கும். டேர்போ கார் சகிக்காது. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையில் ஹெட் காஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்குக் கீழே இருக்கிற அடைப்புத் தகடு) ஊதிப் போவது பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது. கூலன்டும், பற்றரிக்கு ஊற்றுகிற உப்பு நீக்கிய தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து ஊற்றுங்கள். இன்னொன்று: "எங்கட வெக்கைக்கு இது தேவையில்லை" என்று, தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் திறந்து மூடுகிற தேமோஸ்டாற்றைக் கழற்றி எறிகிற பழக்கம் பல கராஜ்களில் இருக்கிறது. அதைக் கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, குளிரில் ஓடுவதாக நினைத்து ஈசியு (எஞ்சினை ஆளுகிற கணினி) பெற்றோலைக் கூட்டும், ஒயிலும் கெடும். ஹெட்டைக் கழற்றவேண்டி வந்தால் நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து அதன் மட்டத்தை அளந்து பாருங்கள். வளைவு 0.05 மில்லிமீற்றரைத் தாண்டினால் மட்டும், தேவையான அளவுக்கே லேத்தில் சமப்படுத்தவேண்டும். கூடச் சீவினால் கொம்பிரசன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அளவு) ஏறும். டேர்போவுக்கு அது விரோதம்.

இனி வலுவைக் கூட்டும் ஒழுங்கு.

முதலில் எஞ்சின் சூடாக இருக்கும்போது, நாலு பிளக்கையும் கழற்றி, திரொட்டிலை முழுக்கத் திறந்து கொம்பிரசன் பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் சதுர சென்ரிமீற்றருக்கு 1 கிலோவுக்குள் இருக்கவேண்டும். அதற்கு மேலென்றால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு ரப்பர் ஓஸ்கள். இந்த எஞ்சின் காற்றை அளப்பது மனிபோல்ட் அழுத்தத்தை வைத்து. அந்தச் சென்சருக்குப் போகிற மெல்லிய ஓஸ் வெடித்திருந்தால் பூஸ்டில் அழுத்தம் குறைவாகத் தெரியும், பெற்றோல் குறைவாக வரும், பிஸ்ரன் உருகும். ஒரு சின்ன ஓஸ் துண்டு ஒரு எஞ்சினைக் கொல்லும் என்பது இந்தக் காரில் மிகையில்லை. டேர்போவுக்குப் பிறகு வருகிற பெரிய குழாய்களில் காற்றுக் கசிந்தால், அதே பூஸ்டைக் கொடுக்க டேர்போ கூடச் சுற்றவேண்டும். காற்று இன்னும் சூடாகும். உள்ளெடுக்கும் வாயை அடைத்து, கராஜில் காற்றடிக்கிற கொம்பிரசரால் 1 பார் காற்று விட்டு, சவர்க்காரத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். குமிழி வருகிற இடத்துக் கிளிப்பை மாற்றினாலே காருக்குப் புது உயிர் வரும்.

டைமிங்: டயக்னோஸ்டிக் பெட்டியில் டிஇ1, ஈ1 இரண்டையும் வயரால் இணைத்து, டைமிங் லைட் பிடித்து 10 பாகையில் நிற்கிறதா என்று பாருங்கள். இணைக்காமல் பார்த்து டிஸ்ரிபியூட்டரைத் திருப்பியவர்களால் கெட்ட எஞ்சின்கள் ஏராளம். பிளக் ஒரு படி குளிரானது: என்ஜிகே என்றால் 6க்குப் பதில் 7, டென்சோ என்றால் 20க்குப் பதில் 22. இடைவெளி 0.7 மில்லிமீற்றர். அதைவிடக் கூடினால் உயர்ந்த பூஸ்டில் தீப்பொறி அணையும்.

அடுத்தது சைலன்சர் பாதை. டேர்போவிலிருந்து பின்பக்கம் வரை இரண்டேகால் அங்குலக் குழாய் போதும். டேர்போ சீக்கிரம் எழும்பும், வெளியேறும் சூடும் குறையும். ஆனால் பாதை திறந்தவுடன் பூஸ்ட் தன்பாட்டில் ஏறத் தொடங்கலாம். மிஞ்சுகிற புகையை டேர்போவைச் சுற்றி வழிவிடுகிற வேஸ்ற்கேற்றின் வாய் சின்னது. மேற்சுற்றில் அவ்வளவு புகையையும் அதனால் வழிவிட முடியாது. கேஜ் 0.65இல் நிற்காமல் 0.75, 0.8 என்று ஊர்ந்தால் அந்த வாயை அகலப்படுத்தவேண்டும். அதற்கு முன் கன்ட்ரோலரைத் தொடுவது ஆபத்து. புகைச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வரிப்பத்திரம் எடுக்கமுடியாது. புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிஸ்ற்றைக் கழற்றுகிறவர்கள் அதையும் யோசிக்கவேண்டும்.

இப்போது கன்ட்ரோலர். சுமார் 0.8 பாரைத் தாண்டும்போது ஈசியு பெற்றோலை வெட்டும். கார் ஒரு அடி வாங்கினதுபோல் உலுக்கும். இதற்கு "ஃபியூவல் கட் எடுக்கிற" ஒரு சின்னப் பெட்டியைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். அந்தப் பெட்டி செய்வது சென்சரின் வோல்ற்றை ஒரு அளவுக்கு மேல் ஏறவிடாமல் பிடித்துவைப்பது. ஈசியு 0.8 என்று நம்பும். உள்ளே 1 பார் இருக்கும். 0.8க்கான பெற்றோலே வரும். டொயோட்டா வைத்த காவலைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவைக்கிற வேலை இது. செய்யவே வேண்டாம்.

சரியான வழி கணக்கோடு போவது. டேர்போ பெற்றோல் எஞ்சினுக்கு ஒரு குதிரைவலுவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6.3 சிசி பெற்றோல் வேண்டும். 180 வேண்டுமென்றால் மொத்தம் 1134 சிசி, பெற்றோலைப் பீய்ச்சுகிற நாலு இன்ஜெக்டர்களில் ஒன்றுக்கு 284. இன்ஜெக்டரை 80 வீதத்துக்கு மேல் திறந்துவைக்கக்கூடாது என்பதால் 355 சிசி அளவானது வேண்டும். கூடவே புதிய பம்பு, புதிய ஃபில்டர், பெற்றோல், டைமிங் அட்டவணையை (மப்) மாற்றக்கூடிய ஈசியு, காற்று-பெற்றோல் விகிதத்தைக் காட்டுகிற ஒரு வைட்பாண்ட் கேஜ். முழு மிதியில் காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதம் 11.5க்கும் 12க்கும் இடையில் நிற்கட்டும். 12.5ஐக் கண்டால் காலை எடுங்கள். பெற்றோல் அழுத்தமும் பூஸ்டோடு சேர்ந்து ஏறவேண்டும்: 0.8 பார் பூஸ்ட் என்றால் பெற்றோலும் 0.8 கூட. ஏறாவிட்டால் பம்பு களைத்துவிட்டது. பெற்றோல் செட்டில் 95 ஒக்டேன் இல்லாத நாளில் 92 அடித்தால், அந்த ராங்கில் உள்ள பெற்றோல் முடியும்வரை லோவிலேயே ஓடுங்கள். அந்த சுவிட்சை வைத்த எஞ்சினியரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் டேர்போ பழசு வாங்குகிறவர்கள் அதன் சுழல்தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்பின்னாக அறவே இருக்கக்கூடாது. ஒயில் 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. கிளச், பிரேக், ரயர் மூன்றும் 180க்கு முன்னரே மாறியிருக்கவேண்டும். 200ஐத் தாண்ட ஆசையென்றால் பிஸ்ரன், கொனெக்டிங் றொட் என்று எஞ்சினைப் பிரிக்கவேண்டும். அது வேறு செலவு, வேறு கட்டுரை.

எஞ்சினுக்கு மட்டும் புள்ளி போடச் சொன்னால் 10க்கு 9. இவ்வளவு சின்ன இரும்புக்குள் இவ்வளவு வலுவை அடக்கி, முப்பது வருடம் உழைக்கவைத்த வேலை அது. முழுக் காருக்கும் போடவேண்டுமென்றால், இந்த வெயிலில், அந்த இன்டர்கூலரை நினைத்துக்கொண்டு, 5க்கு மேல் கை போகவில்லை. இனி வாங்க நினைக்கிறவர்கள் வாங்கவேண்டாம். வைத்திருக்கிறவர்கள் விற்கவேண்டாம்.

சிநேகிதனுக்கு: பஞ்சுப் பட்டியை இந்தக் கிழமையே ஒட்டு. ஓஸ்களை மாற்று. கன்ட்ரோலரைப் பெட்டியோடு அலுமாரிக்குள் வை. ஐப்பசி மழை தொடங்கட்டும், வைட்பாண்டைப் பூட்டிக்கொண்டு பார்ப்பம்.