நிலவுப் பயணத்தை நம்பாதவர்கள் பற்றி ஓர் ஆன்லைன் வகுப்பு: முதல் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்

விண்வெளிப் பயணமெல்லாம் நாடகம் என்று நம்புகிறவர்கள் யார், ஏன் நம்புகிறார்கள் என்று சொல்லித்தரும் வகுப்பு இது. காசு கட்டிச் சேர்ந்ததற்குக் காரணம் என் மச்சான். பொறியியல் படித்தவர், ஆனால் 1969-இல் நிலவில் ஆள் இறங்கியதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

முதல் பாடம் வீண். காற்றில்லாத நிலவில் கொடி ஏன் விரிந்து நின்றது, படத்தில் நட்சத்திரம் ஏன் இல்லை என்றே இழுக்கிறார்கள். கொடிக்குள் குறுக்குக் கம்பி இருந்தது. வெயிலில் மின்னும் தரைக்கேற்ப கேமராவை வைத்தால் நட்சத்திரம் பதியாது. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த பாடங்களில் சரக்கு இருக்கிறது. கேரன் டக்ளஸும் சக உளவியலாளர்களும் சொல்வதுபோல், இப்படிப்பட்ட சதிக் கதைகளை நம்பத் தூண்டும் மூன்று தேவைகளை அழகாக விளக்குகிறார்கள்: புரிந்துகொள்ள வேண்டும், நிலைமை தன் கையில் இருக்க வேண்டும், தன்னைப் பற்றிப் பெருமையாக உணர வேண்டும். டக்ளஸ் குழுவின் 2012 ஆய்வும் வருகிறது. இளவரசி டயானா கொல்லப்பட்டார் என்று நம்பியவர்களே, அவர் சாகவில்லை, நடித்தார் என்பதையும் நம்பும் வாய்ப்பு அதிகமாம். மச்சானும் அப்படித்தான். நிலவுக்குப் போகவே இல்லை என்ற வீடியோவை அனுப்புவார். அப்புறம், அங்கே பார்த்த வேற்றுக்கிரகவாசிகளை மறைத்துவிட்டார்கள் என்ற வீடியோவும் வரும். 'மேலே இருப்பவர்கள் மறைக்கிறார்கள்' என்பதுதான் இரண்டுக்கும் பொது.

என்னைக் கட்டிப்போட்டது அவநம்பிக்கை பற்றிய பாடம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஊரான டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசு சுகாதாரத் துறையே கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு உரிய சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது. அது அம்பலமான அதே காலத்தில்தான் வாட்டர்கேட்டும், அதாவது எதிர்க்கட்சியை ஒட்டுக்கேட்ட விவகாரத்தை மூடி மறைக்கப் பார்த்து அதிபர் நிக்சன் பதவி விலகிய கதை. பில் கேசிங் தன் நிலவு மறுப்புப் புத்தகத்தை வெளியிட்டது 1976-இல். அரசு பொய் சொல்லும் என்று ஜனங்கள் கண்ணால் பார்த்திருந்த நேரம். போதாததற்கு அவர் ராக்கெட்டைன் என்ற எஞ்சின் நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர். 'உள்ளே இருந்தவரே சொல்கிறாரே' என்றால் யாருக்குத்தான் காது நீளாது?

குறை ஒன்று உண்டு. படிப்பு கூடக் கூட இந்த நம்பிக்கை சராசரியாகக் குறைகிறது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சராசரி சரி, படித்துவிட்டும் நம்புகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம்புகிறவர் என்றாலே தனிமையில் புலம்பும் ஆள் போலச் சித்திரிப்பதும் உறுத்தியது. மச்சானுக்கு நண்பர்கள் என்னைவிட அதிகம்.

ஒலிப்பதிவு சுமார், வசன வரிகளில் பிழைகள். 5-க்கு 3.5 தரலாம். வாதத்தில் ஜெயிக்க ஆயுதம் தேடுகிறவர்கள் சேர வேண்டாம்.