இன்சுலின் கூலிங் பை வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

போன மே மாதம் அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போனேன். சென்னையிலிருந்து ஏசி பெட்டியில் இரண்டு ராத்திரிப் பயணம். அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. காலையும் ராத்திரியும் 30/70 கலவை இன்சுலின். வழியில் நாக்பூர் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தொடுகிற மாதம். மருந்து கெட்டுவிடுமோ என்று பயந்து, முதல் நாள் எங்கள் பேட்டையிலிருக்கும் மெடிக்கல் ஷாப்பில் விசாரித்தேன்.

"இதை எடுத்துட்டுப் போங்க சார், 48 மணி நேரம் ஜில்லுனு இருக்கும்" என்று ஒரு நீலப் பையை நீட்டினார் கடைக்காரர். 1,150 ரூபாய். உள்ளே இரண்டு ஜெல் கட்டிகள். "ராத்திரி ஃப்ரீசர்ல போட்டுடுங்க. கிளம்பும்போது நடுவுல பாட்டிலைச் சொருகிடுங்க, அவ்வளவுதான்." அட்டைப்பெட்டியோ விளக்கச் சீட்டோ இல்லை. கேட்டால், "கடைசி பீஸ் சார், ஷோவுக்கு வச்சிருந்தது." அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிரித்த பாட்டில் ஒன்று, புதுசு இரண்டு, மூன்றையும் அப்படியே சொருகினேன். அன்று ராத்திரி ஊசி போட எடுத்த அம்மா, "என்னடா, கல்லு மாதிரி இருக்கு" என்றார். "உள்ளங்கையில் வச்சு உருட்டும்மா, இளகிடும்" என்றேன். என் தப்பும் இதில் உண்டு. இளகியது; போட்டுக்கொண்டார். மறுநாள் மத்தியானம் பார்த்தால் அந்த ஜெல் கட்டி வெதுவெதுவென்று தொளதொளத்துக் கிடந்தது. 48 மணி நேரமாவது ஒன்றாவது!

காசியில் இறங்கியதும் அம்மாவுக்கு ஓயாத தாகம், தலைசுற்றல். மீட்டரில் 387. அங்கிருந்த மருந்துக் கடைப் பெரியவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உருட்டினால் பால் போல ஒரே சீராகக் கலங்க வேண்டிய மருந்து, திரிந்த பால் மாதிரி துணுக்குத் துணுக்காகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "உறைந்து போச்சு, மூன்றையும் தூக்கிப் போடுங்கள்" என்றார். புது மருந்து போட்டு, டாக்டரிடம் போனில் கேட்டு, சர்க்கரை இறங்க ஒன்றரை நாள் ஆனது. கங்கை ஆரத்தியை அம்மா பார்க்கவில்லை.

இன்சுலினுக்கு வெயில் எவ்வளவு ஆகாதோ அவ்வளவு ஆகாது ஐஸும். ஒருமுறை உறைந்தால் இளக வைத்தாலும் பழைய வீரியத்தை நம்ப முடியாது. கலவை இன்சுலினில் கட்டியாவது கண்ணுக்குத் தெரியும். தெளிவான வகையில் அதுவும் தெரியாமல் போகலாம். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்பது பிரிக்காத பாட்டிலுக்கு. பிரித்ததைப் பெரும்பாலும் நாலு வாரம் வரை சாதாரண அறைச் சூட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் (எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்பது உங்கள் மருந்தின் சீட்டில் இருக்கும்). அதாவது, ஏசி பெட்டியில் போன எங்களுக்கு அம்மாவின் கைப்பையே போதும். விமானம் என்றாலும் கைப்பைதான். லக்கேஜில் போட்டால் அங்கேயும் உறைய வாய்ப்புண்டு.

தண்ணீரில் ஊறவைக்கும் பை என்று வேறொன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் மணிகள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அது ஆவியாக ஆவியாகப் பை குளிரும், மண்பானைத் தண்ணீர் மாதிரி. அதில் உறைகிற பேச்சே இல்லை. காற்றுப் பட வேண்டும், பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினால் வேலை செய்யாது. திரும்பும்போது எங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. புது பாட்டிலைத் துண்டில் சுற்றி வாயகன்ற ஃபிளாஸ்க்கில் வைத்தோம், ஐஸ் இல்லாமல். பிரித்தது கைப்பையில். ஒன்றும் ஆகவில்லை.

ஊர் வந்ததும் கடைக்குப் போனேன். "ஒட்டி வைக்கச் சொல்லலையே சார், துணி சுத்தி வைக்கணும்னு எல்லாருக்கும் தெரியுமே" என்றார் அதே ஆள், முகத்தைப் பார்க்காமல். பில்லை நீட்டினேன். அதில் 'பவுச் 1' என்று மட்டும் கிறுக்கியிருந்தது. கம்பெனி பெயர்கூட இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். போன வாரம் அந்த வழியாகப் போனபோது, கண்ணாடி அலமாரியில் இன்னொரு 'கடைசி பீஸ்' தொங்கிக்கொண்டிருந்தது.