ஜிம்னியை இரண்டு அங்குலம் உயர்த்திய பின்: புஷ்ஷா, பிராக்கெட்டா, புதிய ஆர்மா?

மாருதி சுஸுகி ஜிம்னியை 50 மி.மீ. உயர்த்தும் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் பூட்ட நல்ல பட்டறைக்கு ஒரு நாள் போதும். வேலை அத்தோடு முடிந்தது என்று வண்டியை எடுத்துப் போகிறவர், நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததுமே ஸ்டீயரிங் மாறிப்போயிருப்பதை உணர்வார். வளைவு முடிந்ததும் அது தானாக நடுவுக்குத் திரும்பாது. நேரான சாலையிலும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். புதிய ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை; கெட்டிருப்பது கேஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் இடம்வலமாகத் திரும்பும் அச்சின் மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு.

ஜிம்னியின் முன்பக்கம், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டான கெட்டி ஆக்சில். அதிலிருந்து ஆர்ம் எனப்படும் இரண்டு இரும்புக் கைகள் பின்னோக்கிச் சென்று, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைப் பிடிக்கின்றன. ஆக்சில் முனையில் ஒவ்வோர் ஆர்முக்கும் இரண்டு புஷ்கள் (போல்ட் நுழையும் துளையுள்ள ரப்பர் உருளைகள்), சேசிஸ் முனையில் ஒன்று. சேசிஸ் மேலே போகும்போது ஆர்மின் பின்முனையும் மேலே போகிறது. ஆக்சிலும் கூடவே உருண்டு, சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் மேல்முனை முன்பக்கம் சாய்கிறது. சைக்கிளின் முன் ஃபோர்க்கை நிமிர்த்திவிட்டால் கையை விட்டு ஓட்ட முடியாது. இங்கும் நடப்பது அதுதான். ஆர்மின் நீளத்தை 900 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. உயர்வுக்கு 3 டிகிரிக்குச் சற்று மேல் இழப்பு. ஆர்ம் குட்டையாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும். தொழிற்சாலை கொடுப்பதே சில டிகிரிதான் என்பதால் இது பெரிய இழப்பு.

இழந்ததை மீட்கச் சந்தையில் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுமே டிகிரியைத் திருப்பித் தந்துவிடும். பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கின்றன என்பதைப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

மலிவானது ஆஃப்செட் புஷ். துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும் புஷ்களை ஆக்சில் முனையில் மாற்றினால், ஆர்ம் அப்படியே இருக்க, ஆக்சில் மட்டும் பின்பக்கம் உருளும். பெரும்பாலும் இவை பாலியூரித்தேனில் வருகின்றன. என் தயக்கம் அங்கேதான். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி மற்றது பள்ளத்தில் இறங்கும்போது, ஆக்சில் முறுக்கிக்கொள்ள இடம் தருவது இந்த நான்கு புஷ்களின் நெகிழ்வுதான். ரப்பரை எடுத்துவிட்டு விறைப்பான பொருளை வைத்தால் அந்த முறுக்கம் குறையும். சக்கரம் சீக்கிரமே தரையை விட்டு எழும். ரப்பரிலேயே ஆஃப்செட் புஷ் கிடைத்தால், 40 மி.மீ. வரை உயர்த்தியவருக்கு அது போதும். பிரஸ்ஸில் அழுத்தும் முன் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் கேஸ்டர் கூடுவதற்குப் பதில் மேலும் குறையும்.

டிராப் பிராக்கெட் நோயின் மூலத்துக்கே போகிறது. சேசிஸ் முனையைக் கீழே இறக்கி, ஆர்மைப் பழைய கிடைக்கே கொண்டுவருகிறது. கேஸ்டரோடு ஆர்மின் சாய்வும் சரியாவதால், வேகத்தடையில் ஆக்சில் மேலேறும் பாதை, பிரேக் பிடிக்கும்போது மூக்கு அமிழும் அளவு, வளைவில் வண்டி சாயும்போது ஆக்சில் தானாகத் திரும்பும் போக்கு எல்லாமே தொழிற்சாலை நிலையை நெருங்குகின்றன. தார்ச் சாலையில் மற்ற இரண்டும் இதற்கு ஈடாகாது. ஆனால் முன்சக்கரத்துக்குப் பின்னால், பாறை முதலில் இடிக்கும் இடத்திலேயே ஓர் இரும்புத் துண்டு தொங்கும். உயர்த்திப் பெற்ற இடைவெளி அந்த இடத்தில் திரும்பப் போய்விடும். புஷ் கீழே இறங்கியதால் சேசிஸ் மவுண்ட்டின்மேல் நெம்பும் விசையும் கூடும். குறுக்குத் தாங்கி இல்லாத பிராக்கெட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மூன்றாவது, கோணம் திருத்தி வடிவமைத்த புதிய ஆர்ம். விலை அதிகம். கீழே எதுவும் தொங்காது. ரப்பர் புஷ்ஷை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆர்மின் சாய்வு மட்டும் திருந்தாது. அதனால் சாலைப் பயணம் பிராக்கெட் அளவுக்கு மென்மையாகாது. பாறையும் ஆற்றுப்படுகையுமாக அலைபவருக்கு இதுதான் சரி. வாரம் முழுவதும் அலுவலகத்துக்கும் விடுமுறையில் மலைப்பாதைக்கும் போகிறவர், தாங்கியுள்ள பிராக்கெட்டை எடுப்பதே நல்லது.

ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடித்துவைக்கும் குறுக்குத் தண்டான பான்ஹார்ட் ராடில்தான் பலர் தவறான முடிவெடுக்கிறார்கள். உயர்த்தினால் ஆக்சில் பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் நகரும். நீளம் மாற்றக்கூடிய ராட் அதை நடுவுக்குக் கொண்டுவரும். ராடின் சாய்வு அப்படியே இருக்கும். ராடின் சேசிஸ் முனையை இறக்கும் பிராக்கெட் சாய்வையும் திருத்தும் என்பதால் அதுவே மேல் என்று தோன்றும். ஆனால் உயர்த்தியபோது, ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டான டிராக் லிங்க்கும் (drag link) கூடவே சாய்ந்திருக்கிறது. இரண்டும் இணையாக இருக்கும்வரை, சக்கரம் குழியில் இறங்கினாலும் ஸ்டீயரிங் இழுக்காது. ஒன்றை மட்டும் நிமிர்த்தினால் ஒவ்வொரு குழியிலும் வண்டி பக்கவாட்டில் வெட்டும். 50 மி.மீ. வரை நீளம் மாற்றும் ராடே போதும். பிறகு டிராக் லிங்க்கின் நீளத்தைத் திருத்தி ஸ்டீயரிங்கை நேராக்குங்கள். அது கோணலாக இருந்தால், வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பான இ.எஸ்.பி., வண்டி திரும்புவதாக நினைத்துக் குறுக்கிடும்.

எந்த வழியில் போனாலும் ஒரு விலை உண்டு. கேஸ்டரை மீட்க ஆக்சிலை உருட்டும்போது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரமான பினியனின் மூக்கு தாழ்கிறது. முன் ஆக்சிலுக்கு இன்ஜின் சக்தியைக் கொண்டுவரும் அந்த ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கோணம் கூடுகிறது. எனவே தொழிற்சாலை அளவை முழுதாக எட்டாமல் ஒரு டிகிரி குறைவாக நிறுத்துவது நல்லது. பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் டூ-எச்சில் (2H) முன் ஹப்கள் விடுபட்டிருப்பதால், இந்தக் கோணத்தால் வரும் அதிர்வு தெரியாது. சரளைப் பாதையில், நான்கு சக்கரங்களும் இயங்கும் ஃபோர்-எச்சில் (4H) ஓட்டிப் பார்க்க வேண்டும்.

புஷ் போல்ட்டுகளை வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். லிஃப்ட்டில் தொங்கும்போது முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாகத் திருகிய நிலையில் இருந்து சில மாதங்களில் கிழியும். அலைன்மென்ட் கடையில் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்ப விடாமல், இடது வலது கேஸ்டர் இரண்டையும் தாளில் அச்சிட்டுக் கேளுங்கள். கெட்டி ஆக்சிலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால், ஏதோ ஒரு புஷ் தலைகீழாக உட்கார்ந்திருக்கலாம். அல்லது ஆக்சிலே வளைந்திருக்கலாம்.